விழக் கற்றுக் கொடுத்த வீரர்!

ஜப்பான் நாட்டின் தலைநகர் டோக்கியோ. அங்கே எய்ஷோஜி என்று ஒரு புத்தர் கோவில்.

1882-ம் ஆண்டு. இரவு நேரம். கோவில் அறை ஒன்றின் மரத் தரைக்கு அடியில் ஒரு வாலிபர் தவழ்ந்து போகிறார். கையில் ஒரு விளக்கு. உடைந்து கிடக்கும் பலகைகளை ஒவ்வொன்றாகச் சரி செய்கிறார்.

அவர் தச்சர் அல்ல. டோக்கியோ பல்கலைக்கழகத்தில் படித்துப் பட்டம் பெற்றவர். பிரபுக்களின் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடத்தில் ஆசிரியர். வயது 21.

படித்த மனிதருக்கு ஏன் இந்த வேலை?

பலகையை உடைத்தவர்களே அவரும் அவருடைய மாணவர்களும்தான்! மாலை வேளைகளில் அந்த அறையில் ஒருவரை ஒருவர் தூக்கித் தரையில் எறிவார்கள். அந்த அதிர்ச்சியில் கோவில் கூரையின் ஓடுகள் நழுவின. இறந்தவர்களின் நினைவாக வைத்திருந்த பெயர்ப் பலகைகள் பீடத்திலிருந்து உருண்டு விழுந்தன. மடத்துத் துறவி மிகவும் வருத்தப்பட்டார். ஆகவே பகலில் உடைத்ததை இரவில் சரி செய்தார் அந்த வாலிபர்.

அவர் பெயர் ஜிகோரோ கானோ. இன்று உலகில் சுமார் 200 நாடுகளில் பரவியிருக்கும் ஜூடோ என்ற கலையை உண்டாக்கியவர் அவர்தான்.

அடி வாங்கிய பையன்

கானோ 1860-ம் ஆண்டு பிறந்தார். ஊர், கோபே நகரை அடுத்த மிகாகே. கடற்கரை ஊர். அவருடைய குடும்பம் அரிசியிலிருந்து மது காய்ச்சும் தொழிலில் பெயர் பெற்றது. ஆனால் தகப்பனார் அந்தத் தொழிலை விட்டுவிட்டார். கப்பல் போக்குவரத்திலும் அரசாங்க வேலையிலும் ஈடுபட்டார்.

பையனுக்குப் பத்து வயது நிறையும் முன்பே தாயார் காலமானார். தகப்பனார் பிள்ளைகளை டோக்கியோவுக்கு அழைத்து வந்தார். படிப்பில் கானோ கெட்டிக்காரர். ஆங்கிலமும் நன்றாக வந்தது.

ஒரே ஒரு குறை. உடம்பு! வாலிபராக வளர்ந்த பிறகும் அவருடைய உயரம் 5 அடி 2 அங்குலம்தான். எடை 90 ராத்தல். அதாவது சுமார் 41 கிலோ.

விடுதிப் பள்ளியில் முரட்டு மாணவர்கள் அவரை விரட்டி விரட்டி அடித்தார்கள். எவ்வளவு படித்தாலும் அங்கே பலசாலிக்குத்தான் மதிப்பு. கானோ மனம் குமுறினார். எப்படியாவது பலசாலியாக வேண்டும் என்று துடித்தார்.

அப்போதுதான் ஜுஜுத்சு பற்றிக் கேள்விப்பட்டார். மெலிந்தவனும் தடியனை வீழ்த்தக் கூடிய பழைய கலை அது. அவருடைய வீட்டுக்கு வந்து போகிற ஒருவர் முன்பு ராஜாங்கக் காவல் வீரராக இருந்தவர். அவருக்கு அந்தக் கலை தெரியும். கற்றுக் கொடுக்கும்படி கெஞ்சினார் கானோ. அவர் இரண்டொரு பிடிகளைக் காட்டினார். கற்றுக் கொடுக்க மறுத்துவிட்டார்.

வேறு இரண்டு பேரிடம் கேட்டார். அவர்களும் மறுத்தார்கள். தகப்பனாரும் சம்மதிக்கவில்லை. இந்தக் காலத்துக்கு அது எதற்கு என்பதுதான் எல்லோருடைய பதிலும்.

கத்தி போயிற்று, கலையும் போயிற்று

அவர்கள் அப்படிச் சொன்னதற்குக் காரணம் உண்டு.

ஜுஜுத்சு என்பது ஒரே ஒரு முறை அல்ல. சாமுராய்கள் என்ற போர்வீரர்கள் பல நூற்றாண்டுகளாகப் பயின்ற பல முறைகளுக்கு அது பொதுப் பெயர். கையில் கத்தி இல்லாதபோது எதிரியைச் சமாளிக்கும் வித்தை. மடக்கிப் பிடிப்பது, மூட்டை முறுக்குவது, குரல்வளையை நெரிப்பது, உயிர்நிலைகளில் தாக்குவது எல்லாம் அதில் அடக்கம். ஒவ்வொரு பள்ளியும் தன் இரகசியங்களைச் சுருள் ஏடுகளில் எழுதிக் காப்பாற்றியது.

1868-ல் ஜப்பானில் பழைய ஆட்சி முடிந்தது. புதிய அரசாங்கம் வந்தது. 1876-ல் சாமுராய்கள் கத்தி அணிவதும் தடை செய்யப்பட்டது. எல்லோரும் மேல்நாட்டு நாகரிகத்தை நாடினார்கள். பழைய ஆசான்களிடம் படிக்க ஆள் இல்லை. பிழைக்க வழி இல்லை. சிலர் காசுக்காக மேடையில் சண்டை போட்டுக் காட்டினார்கள். சிலர் எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடும் வைத்தியம் செய்தார்கள். மூட்டை உடைக்கத் தெரிந்தவருக்கு மூட்டைச் சேர்க்கவும் தெரியும் அல்லவா?

இதைக் கேள்விப்பட்டார் கானோ. 1877-ல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்ததும், எலும்பு வைத்தியர்களைத் தேடி டோக்கியோ வீதிகளில் அலைந்தார். கடைசியில் ஒரு வைத்தியர் மூலம் ஃபுகுடா ஹாச்சினோசுகே என்ற ஆசான் கிடைத்தார். ‘தென்ஜின் ஷின்யோ’ என்ற பள்ளியைச் சேர்ந்தவர் அவர். பிடிகளிலும் நெரிப்புகளிலும் தேர்ந்த பள்ளி அது.

பதில் சொல்லாத ஆசான்

ஒரு நாள் ஃபுகுடா, கானோவைத் தூக்கி எறிந்தார். இதை எப்படிச் செய்வது, கையை எப்படி வைப்பது, காலை எப்படி வைப்பது என்று கேட்டார் கானோ. ஆசான் பதில் சொல்லவில்லை. மறுபடியும் தூக்கி எறிந்தார். எழுந்து வந்து மறுபடியும் கேட்டார் கானோ. மறுபடியும் எறிந்தார் ஆசான். பல முறை விழுந்தால் தானே புரிந்துவிடும் என்பது அவருடைய எண்ணம்.

கானோவின் உடம்பெல்லாம் காயம். களிம்பைத் தடவிக்கொண்டு மறுநாளும் போவார்.

அதே இடத்தில் படித்த மீன் வியாபாரி ஒருவர் மிகவும் பருமனானவர். கானோவால் அவரை அசைக்கவே முடியவில்லை. கானோ நூல் நிலையத்துக்குப் போனார். மேல்நாட்டு மல்யுத்தப் புத்தகங்களைப் புரட்டினார். ஆட்டுக்குட்டியைத் தோளில் போட்டுக்கொள்வதுபோல எதிரியைத் தோள்மீது தூக்கி எறியும் முறை ஒன்று அதில் இருந்தது. அதைப் பழகினார். ஒரு நாள் அந்தப் பருமனானவரைத் தூக்கி எறிந்தே விட்டார்! ‘தோள் சக்கரம்’ என்ற பெயரில் அந்த வீச்சு பிறகு ஜூடோவில் சேர்ந்தது.

1879 ஆகஸ்டு மாதம் அமெரிக்காவின் மாஜி ஜனாதிபதி கிரான்ட் டோக்கியோ வந்திருந்தார். அவர் முன்னிலையில் ஃபுகுடாவும் கானோவும் ஜுஜுத்சு செய்து காட்டினார்கள். அதற்குச் சில நாட்களுக்குப் பிறகு ஃபுகுடா திடீரென்று காலமானார். பள்ளியின் ஏடுகளை அவருடைய குடும்பத்தார் கானோவிடம் ஒப்படைத்தார்கள். அப்போது கானோவுக்கு வயது 18.

தமக்கு இன்னும் கலை முற்றவில்லை என்பது கானோவுக்குத் தெரியும். ஆகவே ஈசோ மசாடோமோ என்ற முதியவரிடம் போனார். 1881-ல் அவரும் இறந்து போனார். அடுத்து ‘கிடோ’ என்ற பள்ளியைச் சேர்ந்த ஈகுபோவிடம் போனார். இது தூக்கி எறிவதில் தேர்ந்த பள்ளி.

ஓர் ஆசான் இறந்தால் அவரோடு ஒரு கலையும் இறக்கிறது. இதைத் தம் கண்ணாலேயே பார்த்தார் கானோ. அதைக் காப்பாற்றுவது தம் கடமை என்று நினைத்தார்.

கதவும் குடமும்

கானோ எதையும் ஏன், எப்படி என்று கேட்கிறவர். சிறியவன் பெரியவனை எப்படி வீழ்த்துகிறான்? இரவும் பகலும் யோசித்தார்.

மூடிய கதவை ஒருவன் முழுப் பலத்தோடு தள்ளுகிறான். உள்ளே இருப்பவர் திடீரென்று கதவைத் திறந்துவிடுகிறார். என்ன ஆகும்? தள்ளியவன் குப்புற விழுவான். அவனை வீழ்த்தியது அவனுடைய பலமேதான்.

தலையில் நீர்க் குடத்தோடு நடக்கும் பெண்ணைப் பாருங்கள். நேராக நிற்கும்போது குடம் அசையாது. ஒரு கால் தடுக்கினால் போதும், குடம் போயிற்று.

மனிதனும் அப்படித்தான். நிலையாக நிற்கிறவனைத் தூக்குவது கடினம். முதலில் அவனை நிலைகுலையச் செய்ய வேண்டும். அவன் தள்ளினால் இழுக்க வேண்டும். அவன் இழுத்தால் தள்ள வேண்டும். நிலை குலைந்த அந்தக் கணத்தில் அவனை எறிய விரல் நுனிப் பலம் போதும்.

இது விளங்கிய பிறகு, ஒரு நாள் ஆசான் ஈகுபோவையே கானோ வரிசையாகத் தூக்கி எறிந்தார். ஆசான் திகைத்தார். காரணத்தைக் கேட்டறிந்தார். இனிமேல் கற்றுக் கொடுக்க ஒன்றும் இல்லை என்று கூறித் தம் பள்ளியின் ஏடுகளையும் கொடுத்துவிட்டார்.

முதல் பாடம் விழுவது

1882-ல் எய்ஷோஜி கோவிலில் கானோ தம் பள்ளியைத் தொடங்கினார். 12 பாய்கள் விரிக்கும் அளவுள்ள அறை. முதல் ஆண்டில் ஒன்பது மாணவர்கள்தான். கட்டணம் கிடையாது. சாப்பாடு, துணிமணி செலவுகளையும் கானோவே ஏற்றார். அதற்காக இரவில் கண் விழித்து மொழிபெயர்ப்பு வேலை செய்தார்.

பள்ளிக்கு ‘கோடோகன்’ என்று பெயர் வைத்தார். நெறியைப் பயிலும் மண்டபம் என்று பொருள். கலையை ‘ஜூடோ’ என்று அழைத்தார். ‘ஜு’ என்றால் வளைந்து கொடுக்கும் மென்மை. ‘ஜுத்சு’ என்றால் வித்தை. ‘டோ’ என்றால் நெறி. மற்றவனை வெல்லும் வித்தை, மனிதனாக வாழும் நெறியாக மாறியது!

பெயர் மட்டுமா மாறியது?

ஆளை முடமாக்கும் முறைகளை நேர்ப் பயிற்சியிலிருந்து நீக்கினார். குத்து, உதை முதலியவற்றை முன்கூட்டியே வகுத்த செய்முறைகளில் மட்டும் வைத்துக்கொண்டார். மற்றபடி இருவரும் முழுப் பலத்தோடு, ஆபத்து இல்லாமல், தினமும் மோதிப் பார்க்கலாம்.

ஜூடோவில் முதல் பாடம் என்ன தெரியுமா? விழுவது! மோவாயை நெஞ்சோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். தலை தரையில் படக்கூடாது. விழும்போது கையால் பாயை ஓங்கித் தட்ட வேண்டும். அதிர்ச்சி உடம்பில் ஓர் இடத்தில் தாக்காமல் பரவிப் போய்விடும். விழப் பயந்தவன் எதையும் கற்க முடியாது.

எறிகிறவனுக்கும் ஒரு பாடம் உண்டு. எறிந்த பிறகு கையை விட்டுவிடக்கூடாது. விழுகிறவனுடைய சட்டைக் கையைப் பிடித்து, அவன் நல்லபடியாக விழுவதற்கு உதவ வேண்டும். கழுத்து நெரிப்பிலோ முழங்கைப் பிடியிலோ சிக்கியவன் தாங்க முடியாவிட்டால் கையால் தட்டுவான். தட்டியதும் விட்டுவிட வேண்டும்.

கையால், இடுப்பால், காலால் எறியும் முறைகளை அவர் வகை பிரித்தார். தானும் விழுந்து எதிரியை எறிவது இன்னொரு வகை. 1920-ல் 40 வீச்சுகளை ஐந்து பிரிவுகளாக வகுத்தார்கள். இரகசியம் என்று எதுவும் இல்லை. கேட்டால் பதில் கிடைக்கும். பதில் சொல்லாத ஆசானிடம் விழுந்து விழுந்து படித்தவர் அல்லவா கானோ!

பழைய பள்ளியினர் புதிய பள்ளியை ஏளனம் செய்தார்கள். 1880-களின் நடுவில் டோக்கியோ போலீசார் போட்டிகள் நடத்தினார்கள். கோடோகன் மாணவர்கள் வெற்றிமேல் வெற்றி பெற்றார்கள். போலீசாருக்கு ஜூடோ கற்பிக்கப்பட்டது. அந்த மாணவர்களில் ஒருவரான சாய்கோ ஷிரோ, ஆள் குள்ளம். அவரை மனதில் வைத்து எழுதிய நாவல்தான் 1943-ல் குரோசாவாவின் முதல் சினிமாப் படமாக வந்தது.

கானோவைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். 1889-ல் ஐரோப்பாவுக்குப் போன அவர் கப்பலில் ஊர் திரும்பிக்கொண்டிருந்தார். வாட்டசாட்டமான ரஷ்ய அதிகாரி ஒருவர் அவரோடு பலப்பரீட்சை செய்தார். கானோ அவரை ஒரே தூக்காகத் தூக்கி எறிந்தார். அதே நேரம் அவருடைய தலை கப்பல் தளத்தில் மோதாதபடி கையால் தாங்கிக்கொண்டாராம். எறிந்ததைவிடத் தாங்கியதைத்தான் கூடியிருந்தவர்கள் மெச்சினார்களாம்!

அடித்தவர்களைத் திருப்பி அடிக்கத்தான் பையன் கானோ இந்தக் கலையைத் தேடினான். கற்றுத் தேர்ந்தபோது அந்த எண்ணமே போய்விட்டது. முன்கோபமும் அடங்கியது. அவர் பெற்ற பெரிய வெற்றி இதுதான்.

ஆசிரியர்களுக்கு ஆசிரியர்

1891-ல் கானோவுக்குத் திருமணம் நடந்தது. ஆறு பெண்களும் மூன்று பிள்ளைகளும் பிறந்தார்கள்.

ஜூடோ அவருக்குப் பிழைப்பு அல்ல. அவருடைய தொழில் கல்வி. குமாமோட்டோ நகரில் ஓர் உயர்நிலைப் பள்ளிக்குத் தலைவராக இருந்தார். 1893-ல் டோக்கியோ உயர்தர ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியின் தலைவர் ஆனார். இடையில் சில முறை விலகியிருந்தாலும், 1920 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். அங்கே படித்தவர்கள் நாடெங்கும் ஆசிரியர்களாகப் போனார்கள்.

சீனாவிலிருந்து வந்த மாணவர்களுக்காகத் தனிப் பள்ளியும் நடத்தினார். பிற்காலத்தில் பெரும் புகழ் பெற்ற சீன எழுத்தாளர் லூ சுன் அங்கே ஜப்பானிய மொழி படித்தவர்தான்.

பெண்களுக்கும் ஜூடோ கற்பித்தார் கானோ. 1926-ல் கோடோகனில் பெண்களுக்குத் தனிப் பிரிவு ஏற்பட்டது. நம் நாட்டுக்கும் ஜூடோ வந்தது. 1929-ல் கோடோகனைச் சேர்ந்த தகாகாகி என்ற ஆசிரியர், கவி ரவீந்திரநாத் தாகூரின் சாந்திநிகேதனத்துக்கு வந்தார். ஆண்களோடு பெண்களும் அவரிடம் ஜூடோ பயின்றார்கள்.

பலத்தை வீணாக்காமல் நல்ல வழியில் பயன்படுத்த வேண்டும். தானும் வாழ்ந்து பிறரையும் வாழவைக்க வேண்டும். இவை இரண்டுமே ஜூடோ என்று 1922-ல் அவர் அறிவித்தார்.

வராத ஒலிம்பிக்

1909-ல் அகில உலக ஒலிம்பிக் கமிட்டியில் கானோ உறுப்பினர் ஆனார். ஆசியாவிலிருந்து அதில் இடம் பெற்ற முதல் மனிதர் அவர்தான்.

1912-ல் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக் பந்தயத்துக்கு ஜப்பான் முதல் முறையாக வீரர்களை அனுப்பியது. இரண்டே பேர்! ஒருவர் கானோவின் கல்லூரி மாணவர் கனகுரி. மாரத்தான் ஓட்டத்தில் கடும் வெயில் தாங்காமல் பாதியில் மயங்கி விழுந்தார் அவர். அதிகாரிகளுக்குச் சொல்லாமலே ஊர் திரும்பினார். ஆனாலும் கனகுரி சோர்ந்துவிடவில்லை. 1920-லும் 1924-லும் மறுபடி ஒலிம்பிக்கில் ஓடினார். 1967-ல் அவரை ஸ்டாக்ஹோமுக்கு அழைத்து, அன்று விட்ட ஓட்டத்தை முடிக்கச் செய்தார்கள். அந்த ஓட்டத்துக்கு ஆன நேரம் 54 ஆண்டு 8 மாதத்துக்கு மேல்!

ஒலிம்பிக் பந்தயம் ஆசியாவில் நடக்க வேண்டும் என்பது கானோவின் ஆசை. 1936-ல் அது பலித்தது. 1940-ம் ஆண்டுப் பந்தயம் டோக்கியோவுக்குக் கிடைத்தது.

ஆனால் 1937-ல் ஜப்பான், சீனாவோடு முழுப் போரில் இறங்கியது. கானோ அன்போடு பாடம் சொன்ன சீன மாணவர்களின் நாட்டில் ஜப்பானின் குண்டுகள் விழுந்தன. டோக்கியோவில் பந்தயம் நடத்தக்கூடாது என்று பல நாடுகளில் எதிர்ப்புக் கிளம்பியது.

1938 மார்ச் மாதம் எகிப்து நாட்டின் கெய்ரோ நகரில் ஒலிம்பிக் கமிட்டி கூடியது. 77 வயதுக் கிழவர் கானோ அங்கே போய் வாதாடினார். பந்தயம் டோக்கியோவில்தான் என்பது உறுதி செய்யப்பட்டது. அமெரிக்கா வழியாக ‘ஹிகாவா மாரு’ என்ற கப்பலில் ஊர் திரும்பினார்.

நடுக்கடலில் நிமோனியா காய்ச்சல் கண்டது. 1938 மே 4-ந்தேதி கானோ காலமானார். கப்பல் கரை சேர இன்னும் இரண்டே நாள்! யோகஹாமா துறைமுகத்தில் அவருடைய உடலைத்தான் இறக்கினார்கள். அந்தக் கப்பலை யோகஹாமாவில் இன்றும் காட்சிப் பொருளாக வைத்திருக்கிறார்கள்.

இரண்டே மாதத்தில் ஜப்பான் அரசாங்கம் ஒலிம்பிக் பந்தயத்தைக் கைவிட்டது. கானோ பாடுபட்டதெல்லாம் வீணாயிற்று என்றே அன்று தோன்றியது.

நீட்டிய கை

26 ஆண்டுகள் கழித்து, 1964-ல் ஒலிம்பிக் பந்தயம் டோக்கியோவுக்கு வந்தது. ஜூடோவும் முதல் முறையாக அதில் சேர்ந்தது. நான்கு தங்கப் பதக்கங்களில் மூன்றை ஜப்பான் வென்றது.

நாலாவது, எந்த எடை உள்ளவரும் கலந்துகொள்ளும் பிரிவு. இறுதிப் போட்டியில் ஜப்பான் வீரர் கமினாகாவும், ஹாலந்து நாட்டு வீரர் ஆன்டன் கீசிங்கும் மோதினார்கள். கீசிங்க் ஆறரை அடி உயரம். கமினாகாவைப் பாயோடு பாயாக அழுத்திப் பிடித்தார். 30 விநாடி. வெற்றி!

மண்டபத்தில் இருந்த ஜப்பானியர் வாயடைத்துப் போனார்கள். ஹாலந்துக்காரர் ஒருவர் ஆனந்தக் கூத்தாடிக்கொண்டு பாயை நோக்கி ஓடி வந்தார். உடனே கீசிங்க் கையை நீட்டி அவரைத் தடுத்துவிட்டார். தோற்றவர் இன்னும் பாயில்தான் இருந்தார். அவருக்கு மரியாதையாகத் தலை வணங்கிய பிறகே வெளியேறினார் கீசிங்க்.

கானோ உயிரோடு இருந்திருந்தால் அந்தப் பதக்கத்தைவிட அந்தக் கையைக் கண்டுதான் மகிழ்ந்திருப்பார்.

அதே ஒலிம்பிக்கில் ஒரு பெண்மணியும் ஜூடோவின் மென்மையான முறைகளைச் செய்து காட்டினார். அவர் பெயர் கெய்கோ ஃபுகுடா. கானோவின் முதல் ஆசான் ஃபுகுடாவின் பேத்தி! ஆசானின் குடும்பத்தை மறவாமல் கானோதான் அவரை ஜூடோ படிக்க அழைத்தார். 1935-ல் கோடோகனில் சேர்ந்தவர் அவர். திருமணம் செய்துகொள்ளாமல், அமெரிக்காவில் சான்பிரான்சிஸ்கோ நகரில் ஆயிரக்கணக்கானவர்களுக்குக் கற்பித்தார். 2013-ல் தம் 99-வது வயதில் காலமானார்.

1879-ல் ஓர் ஏழை எலும்பு வைத்தியரின் மரணத்தோடு அழிந்திருக்க வேண்டிய கலை அது. ஒரு மாணவர் அதைக் காப்பாற்றி, ஆசானின் பேத்தி கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

இன்று எந்த நாட்டில் ஒரு குழந்தை ஜூடோ படிக்கப் போனாலும் முதல் நாளில் விழத்தான் சொல்லித் தருகிறார்கள். விழுந்த குழந்தை எழுந்து, தன்னை எறிந்த குழந்தைக்குத் தலை வணங்குகிறது. எறிந்த குழந்தையும் தலை வணங்குகிறது.

அடி வாங்கிய ஒரு பையன் உலகத்துக்குச் செய்த கைம்மாறு இது!